கறவைக்காரரின் கிராங்க் புல்லி

சென்னிமலை கறக்க உட்கார்ந்தால் எட்டி உதைக்கிற மாடும் அசைபோடத் தொடங்கிவிடும் என்று கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. ஊர்ப் பேச்சில் பாதியைத் தள்ளிவிடலாம். மீதிப் பாதி உண்மை. பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும், ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும் என்பார்கள். சென்னிமலைக்குப் பாடவும் வராது, ஆடவும் வராது. அவருக்கு இருந்ததெல்லாம் விரல். காம்பைத் தொட்டவுடனே மாட்டுக்குக் காய்ச்சலா, மடியில் எங்கேயாவது கட்டியிருக்கிறதா, கன்றுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து முன்னாடியே குடித்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். முப்பது வருடமாக விடிகாலையில் ஒரு சுற்று, மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு சுற்று, பதிமூன்று வீட்டு மாடுகள். தன் கல்யாணத்தன்று மதியச் சுற்றுக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனாரே தவிர, போகாமல் இருக்கவில்லை.

ஐம்பத்து மூன்று வயதில் அந்த விரல்தான் அவரைக் கைவிட்டது. போன மாசியில் டீக்கடையில் கண்ணாடி டம்ளரைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, பக்கத்தில் இருந்த ஆள் "ஏனுங், சுடலீங்களா?" என்று கேட்டார். குனிந்து பார்த்தால் ஆள்காட்டி விரல் நுனி சிவந்து கொப்புளித்திருந்தது. அவருக்குச் சுடவே இல்லை. அன்றிலிருந்து சென்னிமலை தன் கையைத் தானே வேவு பார்க்க ஆரம்பித்தார். சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே போட்டால் போட முடிந்தது. வேறு பக்கம் பார்த்தால் நழுவியது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், இரண்டு கையிலும் இந்த மூன்றுக்கும் உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது. சுண்டுவிரலுக்கு மட்டும் சூடும் தெரிந்தது, குளிரும் தெரிந்தது. சுண்டுவிரலை வைத்துக்கொண்டு காது குடையலாம், மாடு கறக்க முடியுமா?

கொழிஞ்சாம்பாறையில் வைத்தியம் பார்த்தால் டாக்டருக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் வீட்டில் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறினார். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, வருடக்கணக்காகப் பிழிந்து பிழிந்து வந்த வினை, இரண்டு கைக்கும் ஆபரேஷன் செய்ய வேண்டும், மூன்று மாதம் மாட்டைத் தொடக் கூடாது, அதற்கப்புறமும் உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். "நோம்பி கழியட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார் சென்னிமலை. எந்தப் பண்டிகை என்று இவரும் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை.

மனைவி மயிலாத்தாளிடம்கூட மூச்சு விடவில்லை. விரல் மரத்துப்போன கறவைக்காரனை யார் மாட்டுக் கட்டுத்தரைக்குள் விடுவார்கள்? மூன்று மாதம் சும்மா இருந்தால் பதிமூன்று வீட்டிலும் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். அந்தப் பயம் காலையில் எழுந்ததும் அவருக்கு முன்னால் எழுந்து நின்றது. கறக்கும்போது காம்பைக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பிழிந்தார். மடி காலியானது விரலுக்குத் தெரியாததால், தாரை மெலிந்தவுடன் முடிந்தது என்று எழுந்துகொண்டார்.

மாட்டை ஏமாற்றலாம், மடியை ஏமாற்ற முடியாது. ஆடி மாதத்தில் ஈஸ்வரமூர்த்தியின் பெரிய சிந்து மாட்டுக்கு மடி வீங்கிக் கல்லாகிப் போனது. ஈஸ்வரமூர்த்தி நல்லேப்பிள்ளிப் போகும் வழியில் ஆறு மாடு வைத்திருக்கும் பெரிய விவசாயி. சென்னிமலைக்கு மாமன் முறை. மிருகாசுபத்திரியிலிருந்து டாக்டர் வந்து, அகிடுவீக்கம், உள்ளே பால் நின்றிருக்கலாம் என்றார். மாடு பிழைத்தது. பின்னங்கால் பக்கத்துக் காம்பு ஒன்று நிரந்தரமாகச் செத்துப்போனது.

"மாப்ள, பால மிச்சமில்லாம ஒட்டக் கறந்தியா?" என்று டாக்டர் வந்த அன்றே ஈஸ்வரமூர்த்தி நேராகக் கேட்டிருந்தார்.

"ஒட்டத்தானுங் மாமா கறந்தேன். தவுட்டுல பூசணம் கீது இருந்திருக்குமுங்க" என்றார் சென்னிமலை. சொல்லும்போது கட்டுத்தரைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பொய் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்பது தெரிந்தும், இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்காதா என்றுதான் அவர் புத்தி தேடியது. அப்படித் தேடித்தான் அந்தக் கறவை மிஷினைக் கண்டுபிடித்தார். வேலந்தாவளத்துக்கு அப்பால் ஒரு பண்ணையை மூடும்போது விற்றது. ஒரு வாளி, நான்கு ரப்பர் குழல், கார் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன பம்பு. மிஷின் கறந்தால் விரலைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். காலத்துக்கேற்ற ஆள் என்று பெயர்கூடக் கிடைக்கும். இதுதான் அவர் போட்ட கணக்கு.

பேட்டரி இரண்டு வீட்டோடு படுத்துவிட்டது. மாடுகள் நிற்பதோ தோட்டத்துச் சாளைக் கொட்டகைகளில். பாதிக் கட்டுத்தரைகளில் கரண்டு கிடையாது, இருக்கிற இடத்தில் பல்பு மினுக்குவதற்கே மூச்சு வாங்கும். சுற்றுக்குப் போகும் பழைய புல்லட்டில் பேட்டரியை மாட்டினால் புல்லட் கொடுக்கிற சார்ஜ் அதன் சொந்த விளக்குக்கே சரியாகப் போனது. மூன்றாவது வீட்டில் பம்பு முனகி நின்றபோது, "ஏனுங், மிஷினுக்கும் வயசாயிருச்சுங்களா?" என்று அந்த வீட்டு அம்மாள் சிரித்தார். சென்னிமலையும் சிரித்துவிட்டு, கண்ணால் பார்த்துப் பார்த்துக் கையால் கறந்தார்.

கொழிஞ்சாம்பாறையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் கோபிநாத்திடம் போனார். கோபிநாத்துக்கு முப்பத்தாறு வயது. அளவெடுத்த பிறகும் இன்னொரு முறை அளவெடுக்கிற ஆள். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் புல்லட்டை இரண்டு சுற்று சுற்றி வந்தான்.

"கார்ல கரண்டு எடுக்கற ஆல்டர்னேட்டர இதுல மாட்டிப்போடலாமுங்ணா. இஞ்சினுக்கு முன்னால எடம் இருக்குது. இஞ்சினுக்குள்ள சுத்தற கிராங்குத் தண்டு முனைய வெளிய நீட்டி, அதுல ஒரு புல்லிச் சக்கரம். அதுலருந்து பெல்ட் போட்டா கரண்டு கொட்டும். ஆனா புல்லி கடைல கெடைக்காது, நாந்தான் கடையோணும்."

"கடைஞ்சிரு தம்பி."

"அவசரப்படாதீங்கொ. நீங்க கறக்கறப்ப வண்டி நின்ன எடத்துல மெதுவாத்தான் ஓடும். அந்த ஓட்டத்துலயே ஆல்டர்னேட்டர் வெரசாச் சுத்தோணும்னா கிராங்குப் புல்லி பெருசா இருக்கோணும். அஞ்சு இஞ்சு. பெருசாப் பண்ணுனா, நடுவுல மயிரிழை கோணுனாக்கூட விளிம்புல ஆட்டம் தெரியும். பெல்ட் நிக்காது."

அவன் சொன்னபடிதான் நடந்தது. முதல் புல்லியைக் கடைந்து மாட்டினான், ஆடியது. கழற்றித் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, கிராங்கை வெளியே நீட்டும் இரும்புத் துண்டின் முனையைக் கூம்பாகக் கடைந்து, புல்லியின் துளையையும் அதே கூம்புக்குக் கடைய ஆரம்பித்தான். கூம்புக்குள் கூம்பு இறுகினால் நடு தானாகவே சேர்ந்துகொள்ளும் என்றான். அதற்குப் பத்து நாள் ஆனது. வேறு வேலைகளுக்கு நடுவில் செய்கிறவனை என்ன சொல்ல முடியும்? சென்னிமலை தினமும் மதியச் சுற்று முடிந்து பட்டறை வாசலில் வந்து நின்றார். ஒன்றும் கேட்க மாட்டார். கேட்காமல் நிற்பது கேட்பதைவிட மோசம் என்று கோபிநாத் பிற்பாடு சொன்னான்.

இதற்குள் ஈஸ்வரமூர்த்தி கெடு வைத்துவிட்டார். பால் சொசைட்டியில் அவருடைய பாலுக்குக் கொழுப்பு அளவு வாரா வாரம் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம் என்பது மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடைசிப் பால் எங்கே போகிறது என்று அவர் கேட்கவில்லை.

"மாப்ள, மிஷின் மிஷின்னு ரெண்டு மாசமாச் சொல்ற. விஜயதசமி நல்ல நாளு. அன்னைக்கு மத்தியானம் கொண்டாந்து ஆறு மாட்டையும் கறந்து காட்டு. இல்லீன்னா பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு ஆளு வர்றேங்கறான், அவனுக்குச் சொல்லிப்போடறேன்" என்றார்.

ஈஸ்வரமூர்த்தி விட்டால் மற்றவர்களும் விடுவார்கள். பெரிய கட்டுத்தரையில் நின்ற ஆளைத்தான் சின்னக் கட்டுத்தரைகள் நம்பும். சென்னிமலைக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் புல்லி தயாரானது. கோபிநாத் இரும்புத் துண்டின் கூம்பில் நீல மையைத் தடவி, புல்லியை அதில் அழுத்தித் திருகி எடுத்துக் காட்டினான். துளைக்குள் சுற்றிலும் ஒரே சீராக நீலம் ஒட்டியிருந்தது. அதாவது எல்லா இடமும் தொடுகிறது, இம்மியும் கோணல் இல்லை. அந்த இரும்புத் துண்டை இஞ்சினில் கெட்டியாகப் பூட்டிக் கொடுத்தான். புல்லியை மாட்டுவதற்குள் பட்டறையில் பூஜைக்கு வைக்கிற நேரம் வந்துவிட்டது.

"ஆயுதத்த வெச்சுட்டா தசமி காலைல வரைக்கும் தொட மாட்டனுங்ணா. புல்லிய வேணா உங்கூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. தசமியன்னிக்குப் பத்து மணிக்கு வண்டியோட வாங்க, நானே மாட்டித் தர்றேன். ரெண்டு கூம்பும் சுத்தமா, காய்ஞ்சு இருக்கோணும். எண்ணெய், தூசி ஒண்ணும் ஆகாது. ஞாபகம் வெச்சுக்குங்க."

ஞாபகம் வைத்துக்கொண்டார். புல்லியைத் தோள் துண்டில் சுற்றி மடியில் வைத்தபடி வீட்டுக்கு வந்தார். மறுநாள் மயிலாத்தாள் வாசலைக் கழுவி, அரிவாள், மண்வெட்டி, பால் வாளி, கறவை மிஷின், புல்லட் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைத்துக் கும்பிட்டாள். புதுப் புல்லிக்குத் தனியாக ஒரு வாழை இலை. அதன் விளிம்பில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்தாள். சென்னிமலை கண்ணை மூடிக் கும்பிட்டார். வாழ்க்கையில் எந்தச் சாமியிடமும் அவ்வளவு நேரம் அவர் நின்றதில்லை.

விஜயதசமி விடிகாலைச் சுற்றைக் கையால் முடித்துவிட்டு வந்தபோது மணி எட்டு. பூஜையை மயிலாத்தாள் எடுத்துவிட்டிருந்தாள். பத்து மணி வரை அவரால் பொறுக்க முடியவில்லை. பத்துக்குப் போய், கோபிநாத் வேறு வேலையில் இருந்து, பன்னிரண்டாகி, ஏதாவது ஒன்று குறைந்து, இரண்டு மணிக்கு ஈஸ்வரமூர்த்தி வாசலில் போய் நிற்க முடியாமல் ஆகிவிட்டால்? ஒரு நட்டு முறுக்குகிற வேலைதானே. புல்லியின் விளிம்பில் இருந்த சந்தனத்தைத் துடைத்தார். துளைக்குள் தோள் துண்டை விட்டுத் திருகித் துடைத்தார். விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். வழுவழுவென்று இருப்பதாகத்தான் பட்டது. கூம்பின் மேல் ஏற்றி, நட்டைப் போட்டு இறுக்கி, பெல்ட்டை மாட்டி, கிக்கரை உதைத்தார்.

புல்லி ஆடியது. விளிம்பு உள்ளேயும் வெளியேயும் அலைந்தது; பெல்ட் தன்னை மூடுகிற தகரக் காப்பில் அடித்துப் படபடத்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பெல்ட் கழன்று அவர் காலடியில் விழுந்தது. கோபிநாத்தின் பட்டறையில் நேராக இருந்தது இங்கே எப்படிக் கோணலாகும்? கிராங்கே வளைந்திருக்குமோ? அப்படியென்றால் இஞ்சினைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் பதினைந்து நாள். அவருக்கு இருந்ததோ ஆறு மணி நேரம்.

பெல்ட்டை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு, ஆடுகிற புல்லியோடு பட்டறைக்கு வந்து சேர்ந்தார். கோபிநாத் ஒரு பார்வை பார்த்தான். புல்லியைக் கழற்றி வெளிச்சத்தில் துளையைத் திருப்பினான். உள்ளே, துளையின் அடிப்பக்கத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தான்.

"சந்தனம்" என்றான்.

சென்னிமலைக்கு உயிர் வந்தது. கிராங்கு வளையவில்லை. உடனே அந்த உயிர் கோபமாக மாறியது. "அவொதான். மயிலாத்தா! சாமிக்குப் படைக்கச் சொன்னா ஓட்டைக்குள்ள எல்லாம் பூசி வெச்சிருக்கறா. எந்த எடத்துல எத வெக்கறதுன்னு ஒரு—"

"ணா." கோபிநாத் குறுக்கே பேசினான். "மாட்டறதுக்கு முன்னால தொடச்சீங்களா?"

"தொடச்சேன்."

"வெரல உட்டுத் தடவிப் பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன்."

"நெரநெரன்னு உப்புத்தாளாட்டம் இருக்குது. உங்க வெரலுக்குத் தெரியலீங்களா?"

பட்டறையில் இன்னும் ஊதுபத்தி வாசனை போகவில்லை. சென்னிமலை வேட்டியைச் சரிசெய்தார். கோபிநாத் அவர் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தான். ஆள்காட்டி விரலில் பழைய தழும்பு, நடுவிரலில் புதிதாக ஒரு கீறல். அதிலிருந்து ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. காலையில் புல்லியை மாட்டும்போது கிழித்திருக்கிறது, அவருக்கே இப்போதுதான் தெரிகிறது.

"கண்ண மூடுங்ணா" என்றான் கோபிநாத்.

"எதுக்கு தம்பி?"

"மூடுங்க."

மூடினார். கோபிநாத் அவருடைய கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு முறை அழுத்தினான். "இப்ப கைல என்ன இருக்குது?"

சென்னிமலை விரல்களை உருட்டினார். "வாசரு" என்றார். மறுபடியும் உருட்டினார். "இல்ல, சின்ன நட்டு."

"கண்ணத் தொறங்க."

கையில் ஒன்றுமே இல்லை.

அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். முப்பது வருடமாக ஒரு சொட்டுக்குக்கூட ஏமாறாத விரல் காற்றைப் பிடித்துக்கொண்டு நட்டு என்று சொல்லியிருக்கிறது. எட்டு மாதமாக உள்ளே அடைத்து வைத்திருந்ததை அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் முதல் முதலாக ஓர் ஆளிடம் சொன்னார். டீக்கடை, பொள்ளாச்சி, டாக்டர், எல்லாம் வந்தது. ஈஸ்வரமூர்த்தியின் மாட்டுக் காம்பை மட்டும் சொல்லவில்லை.

கோபிநாத் புல்லியைத் துணியில் சுற்றி மேசைக்குள் வைத்தான். "இத நான் உங்களுக்கு மாட்ட மாட்டனுங்ணா."

"டே தம்பி..."

"ஓடற பெல்ட்டுகிட்ட கைய வெச்சா உங்களுக்கு வெரல் போனதுகூடத் தெரியாது. கூட ஒரு ஆளு இருக்கோணும். அக்காவ வரச் சொல்லுங்க. அவுங்களுக்குத் தெரியாம இந்த வண்டி இங்கிருந்து போவாது."

போனில் என்ன சொல்வதென்று தெரியாமல் "கோபி பட்டறைக்கு வா" என்று மட்டும் சொன்னார். அடிபட்டுவிட்டதோ என்று பதறிப்போய் மயிலாத்தாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவர் முழுசாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் அவள் மூச்சு சீரானது. கோபிநாத் சந்தனத்தைக் காட்டியபோது அவளுக்குப் பாதி வருத்தம், பாதி ரோஷம். "விளிம்புல வெச்சது உருண்டு வர்றப்ப உதுந்துரும், நடுவுலயும் வெச்சா நிக்கும்னு வெச்சனுங் தம்பி. சாமிக்கு வெச்சது குத்தமாங்காட்டி?"

"அவொ மேல குத்தமில்ல" என்றார் சென்னிமலை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கைக்குத் தெரியல. எட்டு மாசமாத் தெரியல."

மயிலாத்தாள் அவர் மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். முதலில் மெதுவாக, பிறகு நகம் பதிய. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது அழுகை இல்லை. "நம்ம ஊட்டுச் செவல மாட்டு மடியில பாலு நிக்குது, நிக்குதுன்னு நான் தலப்பாடாச் சொன்னப்ப, உனக்கு மாட்டப் பத்தி என்ன தெரியும்னு கேட்டீங்களே?"

கேட்டது உண்மை.

"மிஷினு கறக்கட்டுமுங்க. ஒட்டப் பீச்சறதுக்கு ஒரு கை வேணுமல்லோ. நான் வர்றேன்."

"ஊரூடு ஊரூடாப் போயி நீ பால் கறக்கறதா? நம்ம சனத்துல எவ போயிருக்கறா? சொந்தம் ஒரம்பரை சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போவுது. எந்தூட்டுப் பொம்பளன்னு கேட்டுட்டா மாடு பால் உடுது?"

கோபிநாத் திரும்பிக்கொண்டு பெட்ரோலில் துணியை நனைத்துத் துளையைத் துடைத்தான். மயிலாத்தாளைக் கூப்பிட்டு, விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னான். "வழுவழுன்னு இருக்குதுங் தம்பி" என்றாள். மறுபடியும் நீல மை வைத்துச் சோதித்தான். நட்டை இறுக்கினான். பெல்ட்டைப் போட்டு, தகரக் காப்பை நான்கு போல்ட்டில் பூட்டி, "கறக்கற எடத்துல இதத் தொறக்கவே கூடாது" என்று அவளிடம்தான் சொன்னான். புல்லட்டை உதைத்ததும் புல்லி நின்ற இடத்தில் நிற்பதுபோல் சுற்றியது. விளிம்பில் ஆட்டமே இல்லை. பம்பு ஒரே சீராக இழுத்தது. அதைப் பார்த்ததும் சென்னிமலைக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது புதுப் பயம். மிஷின் இவ்வளவு நன்றாக ஓடினால், அந்தக் காம்பைப் பற்றி இனி வாயே திறக்க வேண்டியதில்லை. திறக்காமலே இருந்துவிடுவோமோ என்றுதான் பயந்தார்.

இரண்டு மணிக்கு ஈஸ்வரமூர்த்தியின் கட்டுத்தரைக்கு வெளியே, மாடு மிரளாத தூரத்தில் புல்லட்டை நிறுத்தி, வயரை உள்ளே இழுத்தார்கள். ஈஸ்வரமூர்த்தி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மயிலாத்தாளைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது, "வா புள்ள" என்றதோடு சரி. முதல் மாடு கொஞ்சம் மருண்டு, பிறகு தவிட்டில் வாயை வைத்தது. குழல்களில் வெள்ளையாகப் பால் ஓடியது. இரண்டாவது, மூன்றாவது. ஐந்து மாடும் முடிந்தபோது ஈஸ்வரமூர்த்தி எழுந்து வந்து வாளியை எட்டிப் பார்த்து, "பரவால்லியே மாப்ள" என்றார். ஒவ்வொரு மாட்டுக்கும் குழலைக் கழற்றியபின் மயிலாத்தாள் உட்கார்ந்து மிச்சத்தைப் பீய்ச்சி எடுத்தாள். உதவிக்கு வந்தவள் என்று ஈஸ்வரமூர்த்தி நினைத்திருக்கலாம்.

கடைசியாக அந்தப் பெரிய சிந்து மாடு. மூன்று காம்புக்குத்தான் குழல். நான்காவது சுருங்கிக் கிடந்தது. பால் நின்றுவிட்டது என்று சென்னிமலை குழலைக் கழற்றினார். மடியைத் தடவிப் பார்த்தார், பழக்கத்தில். காலி என்றுதான் பட்டது. மயிலாத்தாள் உட்கார்ந்து வலதுபக்க முன்காம்பைப் பிடித்தாள். தாரை கெட்டியாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. கையளவுச் சொம்பு முக்கால் நிறைந்தது.

சென்னிமலை அந்தச் சொம்பையே பார்த்தார். ஒரு வேளைக்கு இவ்வளவு. காலையும் மதியமும். மாசியிலிருந்து ஆடி வரைக்கும்.

"ஏன் மாப்ள, நீ ஒட்டக் கறக்காம அந்தப் புள்ளய வுட்டிருக்கற?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

வாயில் பதில் தயாராக இருந்தது. மிஷினைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அதனால் அவளைக் கூட்டிவந்தேன் என்று சொல்லலாம். பொய்கூட இல்லை. வெளியே புல்லட் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

"என் வெரலுக்கு ஒண்ணும் தெரியறதில்லீங் மாமா" என்றார். "மாசியிலிருந்தே இப்படித்தானுங்க. இந்த மாட்டுக்குக் காம்பு போனது தவுட்டுனால இல்லீங்க. நான் மடியில பால வுட்டுட்டு எந்திரிச்சதுனாலதானுங்க. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

ஈஸ்வரமூர்த்தி மாட்டின் பக்கம் போய், செத்துப்போன காம்பைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். மாடு வாலால் அவர் முகத்தில் ஒரு வீசு வீசியது.

"அன்னைக்கு நான் கேட்டப்பவே இதச் சொல்லியிருந்தீன்னா, இந்தக் காம்பு பொழச்சிருக்கும். டாக்டரு அதத்தான் கேட்டாரு, எத்தன நாளா நிக்குதுன்னு. பாலு நிக்கவே இல்லேன்னு நீ சொன்னே. நானும் அதையே அவருகிட்டச் சொன்னேன்."

சென்னிமலைக்கு அது தெரியாது. தன் பொய் தன்னோடு நின்றது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அது இன்னொருவர் வாய்க்குள் போய், டாக்டர் காதுக்குப் போய், தப்பு மருந்தாக மாறி மாட்டுக்குள் இறங்கியிருக்கிறது. அவர் கட்டுத்தரைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பத்து மூன்று வயது ஆள் அடுத்தவர் வாசலில் நின்று அழக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தார், முடியவில்லை. மயிலாத்தாள் சொம்போடு எழுந்தவள், எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் வர்றதுன்னா வாங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி கடைசியில். குரலில் ஈரம் இல்லை. "நீ தனியா வர்றதுன்னா வர வேண்டாம். இந்தப் பெரிய மாட்ட மட்டும் மிஷினு தொட வேண்டாம், அந்தப் புள்ள கையாலயே கறக்கட்டும்."

"வர்றமுங்க" என்றாள் மயிலாத்தாள்.

அடுத்தது மதலேனம்மாள் வீடு. ஒரே மாடு, அதை நம்பியே இருக்கிற தனி மனுஷி. மதலேனம்மாள் படலைத் திறந்து, "புது வண்டிச் சத்தமாட்டம் கேக்குது!" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். மயிலாத்தாள் இறங்கி வயரை எடுக்கப் போனாள்.

"இரு புள்ள" என்றார் சென்னிமலை. இஞ்சினை நிறுத்தினார். வண்டியிலிருந்து இறங்கவில்லை. "மதலேனம்மா, மாட்டத் தொடறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க."